தாய்மாமன் நாற்காலி

ஆசாரியைக் கூப்பிடாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தால் அடையாளம் தெரியாது. மற்றவர்களைப் போலத்தான் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், கரண்டு பில் கட்டுவார்கள். வீட்டுக் கதவு தரையில் உரசத் தொடங்கட்டும், அப்போது பாருங்கள். சாதாரண மனிதன் ஆசாரிக்குப் போன் போடுவான். இவர்கள் கதவுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு ஆசாரி?" என்பார்கள். இந்த வாக்கியத்தை ஒரு வீட்டில் கேட்டுவிட்டீர்களா? அந்தக் கதவு இந்த ஜென்மத்தில் இனி அடைபடாது.

எல்லா ஊரிலும் இவர்கள் உண்டு என்றாலும் போடிநாயக்கனூரில் கொஞ்சம் செழிப்பாக வளர்கிறார்கள். காரணம், ஏலக்காய். இருபது வருடமாகக் காயை விரலிடுக்கில் உருட்டி, இது ஏழரை எம்.எம்., இது எட்டு எம்.எம். என்று சல்லடையில் போடாமலே சொல்லிப் பழகிய கை, ஒரு மரக்கட்டைக்கு முன்னால் மட்டும் அடக்கமாகவா இருக்கும்?

ஜக்கையனை எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் வியாபாரி, நாற்பத்து மூன்று வயது, குரங்கணிக்கு மேலே நாலு ஏக்கர் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் சாக்கு போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து அதற்கு 'ஒர்க்‌ஷாப்பு' என்று பேர் வைத்திருக்கிறார். உள்ளே ஆன்லைனில் வரவழைத்த ரம்பம் மூன்று, ட்ரில் மிஷின் இரண்டு, என்னத்துக்கு என்று அவருக்கே தெரியாத இரும்புச் சாமான்கள் ஏராளம். இதுவரை அங்கே உற்பத்தியானவை: சுவரில் சாய்த்தால்தான் நிற்கும் செருப்பு ஸ்டாண்டு ஒன்று, மனைவி மகாராணிக்குச் செய்து கொடுத்த அஞ்சறைப்பெட்டி ஒன்று. அஞ்சறைப்பெட்டி மூடினால் திறக்காது. ரசம் வைக்க வேண்டுமென்றால் மகாராணி சுத்தியலோடு அடுப்படிக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதர்தான் போன மாதம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பு விட்டார். ஒரே தங்கச்சி முத்துப்பிரியாவின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் எதில் உட்காருவார்? மணையிலா? அது ஊரில் எல்லாரும் உட்காருவது. ஜக்கையன் தன் கையால், தன் தோட்டத்துப் பலாவில், சாய்மானமும் கைப்பிடியும் வைத்த ஒரு நாற்காலி செய்து, அதில் உட்கார்ந்து, அதையே சீராகக் கொடுத்துவிட்டு வருவார். குரூப்பில் முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பினார்கள். முத்துப்பிரியாவின் மாமியார் மட்டும், 'பார்ப்போம்' என்று போட்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பா போனபோது முத்துப்பிரியாவுக்குப் பதினொரு வயது. வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அண்ணன்தான். அவள் புகுந்த வீட்டில் நாலு பேர் பார்க்கத் தன் கையால் செய்த பொருள் ஒன்று நிற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெஞ்சு முட்ட இருந்தது. அந்த ஆசையை யாரும் கேலி செய்யவில்லை. நாற்காலியைத்தான்.

பலா, காற்றில் விழுந்து பத்து நாள்கூட ஆகாத மரம். அறுத்த பலகையைத் தொட்டால் கை ஈரமாகும். ஆணிக்கடை குத்புதீன் பாய் அப்போதே சொன்னார்.

"பச்சை மரம்ணே. ஒரு வருசமாச்சும் நெழல்ல கெடக்கணும்."

ஜக்கையன் சிரித்தார். "அப்ப நாங்க எதுக்கு பாய் ஸ்டோர் வச்சிருக்கோம்?"

ஸ்டோர் என்பது தோட்டத்தில் ஏலக்காயைச் சூடு கொடுத்துக் காயவைக்கும் அறை. இன்றைக்குப் பறித்த காயை உள்ளே பரப்பினால் நாளைக்குச் சாக்கில் கட்டிவிடலாம். ஏலக்காய்க்கு ஒரு நாள் என்றால், மரம் கொஞ்சம் தடிமன், இரண்டு நாள் போடுவோம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? வியாழக்கிழமை காய்த் தட்டுகளுக்கு நடுவே பலகைகளை அடுக்கிச் சூட்டை ஏற்றினார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவை ஜீப்பில் வீடு வந்து சேர்ந்தன.

ஒரு பலகை வில்லாக வளைந்திருந்தது. ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. சாய்மானத்துக்கென்று வைத்திருந்தது அப்பளம் பொரிந்த மாதிரி நாலு பக்கமும் எழும்பி நின்றது. வாசம் மட்டும் முதல் தரம். ஏலத்தில் வைத்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும். உட்காரும் பலகை ஒன்றுதான் ஓரளவு நேராக இருந்தது. அதன் நடுவில் நீளவாக்கில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது.

"என்னங்க, வெடிச்சிருக்கு" என்றார் மகாராணி.

"அது வெடிப்பில்ல, மரத்தோட ரேகை."

ஜோசியம் பார்த்தவர் போல அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, சாய்மானத்தையும் கைப்பிடிகளையும் தூக்கி ஓரமாக எறிந்தார். எறிந்த கையோடு குரூப்பில் போட்டார்: 'சாய்மானம் இல்லாத ராஜ ஆசனம். ராஜாக்கள் சாய்வதில்லை.' மகாராணியிடம் திரும்பிச் சொன்னார்: "நான் நெனச்சதே இதுதான்."

இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இனத்தின் தேசிய கீதம் இது. கை தவறும்போதெல்லாம் எழுந்து நின்று பாடுவார்கள்.

அடுத்தது கால்கள். டேப்பு எங்கோ இருந்தது, தேடுவானேன்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே கட்டையைப் பிடித்து, எட்டு எம்.எம். காயை எடைபோடுகிற அதே மிதப்போடு கண்ணை மூடி, "சரியா இருக்கு" என்று அறுத்தார். நாலு முறை கண்ணை மூடினார், நாலு நீளத்தில் நாலு கால் வந்தன. ஆசனம் ஆடியது. நீண்ட காலைக் குறைத்தார், மறுபக்கம் ஆடியது. அந்தப் பக்கத்தைக் குறைத்தார்; இந்தப் பக்கம் ஆடியது. இதற்கிடையில் ரம்பத்துப் பல் போய், உப்புத்தாள் தீர்ந்து, ஸ்க்ரூ பத்தாமல், மூன்று தடவை வண்டியை எடுத்துக்கொண்டு ஆணிக்கடைக்குப் போய்வந்தார். மூன்றாம் தடவை குத்புதீன் பாய் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"மணை ஒண்ணு கடையில வாங்கிட்டா சோலி முடிஞ்சது. நல்ல காரியத்துக்கு ஏண்ணே வருத்திக்கிறீக?"

"மொதல்ல மூணு இஞ்சு ஸ்க்ரூவ கொண்டா பாய்."

அந்த மூன்று அங்குல ஸ்க்ரூவில்தான் மத்தியானம் கெட்டது. கால்களைப் பலகையோடு சேர்த்து ட்ரில் போட்டு, முடுக்கு முடுக்கென்று முடுக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆசனத்தைத் தூக்கினார். வரவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினார். அடியில் இருந்த மேசையும் சேர்ந்து எழுந்தது. மேசை என்றால் மேசை இல்லை. மகாராணிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த கட்டிலின் மேல்பலகை. மகாராணி கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். அஞ்சறைப்பெட்டி திறக்கிற சுத்தியலை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார். இருபது வருடம் குடித்தனம் செய்தவர்களுக்குத் தெரியும், பேசுவதைவிட அது மோசம்.

கடப்பாரையை விட்டு நெம்பியதில் கால் நாலும் கையோடு வந்துவிட்டன.

அப்போதுதான் போன் அடித்தது. முத்துப்பிரியா.

"அண்ணே, நாற்காலி ஆச்சாண்ணே? எங்க மாமியா தெருவுல ஒருத்தர் விடாம சொல்லிக்கிட்டுத் திரியிறாக."

"ஆச்சுத்தா" என்றார் ஜக்கையன், பலகையைப் பார்த்துக்கொண்டே. "வார்னீஷ்தான் பாக்கி."

போனை வைத்துவிட்டு மரத்தூளில் உட்கார்ந்தார். கடையில் வாங்கிய சாமானோடு போய் நின்றால் அந்த மாமியார் 'பார்த்தோம்' என்று போடுவார். அதை முத்துப்பிரியா வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டும். பிறகு எழுந்தார். அந்த இனம் எழுந்துவிடும். அதுதான் அதன் சிறப்பு, அதுதான் சுற்றியிருப்பவர்களின் கஷ்டமும். பலகைக்கு அடியில் இரண்டு சிறு கட்டைகளை வைத்துப் பசை தடவி ஒட்டினார். 'ரேகை'க்குள் பசையும் மரத்தூளும் திணித்துத் தேய்த்தார். பொழுது சாயும்போது தரையில் ஒரு மணை இருந்தது. ஊரில் எல்லாரும் உட்காருகிற அதே மணை.

"மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் மகாராணியிடம். "நான் நெனச்சதே இதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பு புறப்பட்டது. பின்சீட்டுக்கு அடியில் மகாராணி, பழைய சேலையில் சுற்றிய சாமான் ஒன்றை வைத்தார். என்ன என்று ஜக்கையன் கேட்டதற்கு, "வெரசா ஏறுங்க" என்று மட்டும் பதில் வந்தது.

கோயிலில் கூட்டம். மாமியார் முன்வரிசையில் நின்றார். "நாற்காலி எங்கத்தா?" என்று மருமகளிடம் கேட்டார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. முத்துப்பிரியா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஜக்கையன் மணையை வைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கினார். காது குத்த வந்த நகைப் பத்தர் வலது காதில் சந்தனப் புள்ளி வைத்துக் குத்தினார். பிள்ளை வீறிட்டுத் துள்ளியது. தாய்மாமன் அதை அமுக்கிப் பிடித்தார். அந்த நிமிஷம், சூட்டில் இரண்டு நாள் வெந்த பலா தன் கணக்கைத் தீர்த்தது. படீர் என்று ஒரு சத்தம். ரேகை நுனியிலிருந்து நுனிவரை திறந்துகொண்டது. ஜக்கையன் ஒரு விரல்கடை உயரத்திலிருந்து தரைக்கு வந்தார். பிள்ளை அழுகையை நிறுத்தி, மாமனை அண்ணாந்து பார்த்து, கெக்கலி கொட்டிச் சிரித்தது.

வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் மகாராணி சேலையைப் பிரித்து, கடையில் வாங்கிய புது மணையைப் புருஷனுக்குப் பக்கத்தில் வைத்தார். புதன்கிழமையே வாங்கியது. பலகை ஸ்டோருக்குள் போவதற்கு முந்தின நாள்.

ஜக்கையன் உடைந்த மணையைப் பார்த்தார், புது மணையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பிள்ளையோடு நகர்ந்து புது மணையில் உட்கார்ந்து, இடது காதைப் பத்தருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு காதுல்ல? காதுக்கு ஒரு மணை" என்றார் மாமியாரிடம், நிதானமாக. "நான் நெனச்சதே இதுதான்."

முத்துப்பிரியா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மாமியாருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்துக்கொண்டே, உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்த காலண்டர் அட்டை இருக்கிறதா? அதை வைத்தது யார்? அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம், இதுக்கு எதுக்கு ஆசாரி என்று மூன்று வருடத்துக்கு முன் சொன்னது யார்? வீட்டில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். புது நாற்காலியை அவர் எந்தச் சேலையில் சுற்றி எங்கே வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.