லோஜினியின் தபால் ஓட்டு

நோட்டன் பிரிட்ஜ்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் செல்லசாமி அவர்களுக்கு,

முருகன் துணையால் நானும் உங்கள் தங்கை ராசம்மாவும் பிள்ளையும் சுகம். உடப்புசல்லாவை ஊர்க் குளிரில் நீங்களும் வீட்டாரும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், உங்கள் மருமகள் லோஜினி தபாலில் ஓட்டுப் போடப் போகிறாள். ஆசிரியை என்பதால் தேர்தலன்று அவளுக்கு வேறு ஊரில் கடமை. அதனால் ஊருக்கு முந்தியே, அடுத்த வாரம் வியாழக்கிழமை, அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு ஓட்டு. எங்கள் லயத்தில் வரிசையாக இருபது காம்பிரா வீடு இருந்தும் ஒருவருக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. எங்கள் அப்பாவுக்குப் பிரஜாவுரிமையே இல்லை. நாடே ஓட்டுப் போட்ட நாளில் அவர் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தில், வாக்காளர் பெயரெல்லாம் பதிந்த இடாப்பில் அவளுக்குள்ள இலக்கத்தை எழுத வேண்டுமாம். பிள்ளைக்கு வகுப்பு இருக்கிறதே என்று நானே கிராம சேவகரிடம் போனேன். முதல் நாள் அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார், இரண்டாம் நாள் மழையில் பஸ் வரவில்லை, மூன்றாம் நாள் ஆள் இருந்தார், இடாப்பில் பிள்ளையின் பெயர்தான் இல்லை! “ஐயா, நல்லா பாருங்க, டீச்சர் புள்ளைங்க!” என்று கத்திவிட்டேன். பார்த்தால் அவர் புரட்டியது தோட்டத்தின் மேல் பிரிவு இடாப்பு. கீழ்ப் பிரிவில் ‘ஆண்டியப்பன் லோஜினி’ என்று அச்செழுத்தில் இருக்கிறாள், முன்னால் என் பெயரோடு! அந்தத் தெம்பில் எனக்கும் ஒரு தபால் ஓட்டுப் படிவம் கேட்டேன்.

“நீங்க அரசாங்க உத்தியோகமா?”

“உத்தியோகத்தோட அப்பாங்க.”

சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். படிவம் கொடுக்கவில்லை.

விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளன்று, பள்ளிக்கூட அதிபர் அதில் கையெழுத்து வைக்க மறந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

“பெரியவரே, சாகணுமா?” என்றார் கண்டக்டர்.

“இல்லங்க, ஓட்டுப் போடணும்!”

அதிபர் இறங்கி வந்து, என் முதுகை மேசையாக்கிக் கையெழுத்திட்டார். பேனா குத்திய இடம் இன்னும் வலிக்கிறது, நல்ல வலி.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்துவிட்டது. “யாருக்கும்மா போடப்போற?” என்றேன். “அது ரகசியம்ப்பா” என்றாள். பெத்த அப்பனுக்கே சொல்லாத பிள்ளை, மச்சான்! அரசாங்கத்துக்கு இதைவிட நேர்மையான ஆள் எங்கே கிடைக்கும்?

ஓட்டுக்கு முதல் நாள் புதன்கிழமையே வந்துவிடுங்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிற்போம். “அண்ணன் வந்தாத்தான் இந்த மனுசன் மேளத்துக்குச் சொல்லாம இருப்பாரு” என்கிறாள் ராசம்மா.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னதுகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஆசிரியை லோஜினியின் தகப்பன்
ஆண்டியப்பன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ரேடியோவில் செய்தி. தபால் ஓட்டைத் தள்ளிவைத்துவிட்டார்களாம், எப்போது என்று தெரியாதாம். ஒட்டாமல் உறையைக் கீழே வைத்துவிட்டேன். லோஜினி எழுந்து ரேடியோவை நிறுத்தினாள். பிறகு, “எப்ப வச்சாலும் வைக்கட்டும்ப்பா. நாம எங்கயும் போகப்போறதில்லையே” என்று சொல்லிவிட்டு வகுப்புப் பிள்ளைகளின் கொப்பி திருத்த உட்கார்ந்துவிட்டாள். ஆகவே, புதன்கிழமை வர வேண்டாம். வேட்டியை மட்டும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.