மருதமரச் சபையில் தலை எண்ணிய கதை

ஒரு காட்டில் ஒரு சபை இருந்தது. சிங்கம் எங்கே, ராஜா யார் என்று ஆரம்பத்திலேயே கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள். அந்தக் காட்டில் ராஜா காலம் முடிந்து கமிட்டிக் காலம் தொடங்கி வெகுநாள் ஆகிவிட்டது.

கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளை நாரை, ஆற்றங்கரை மருதமரத்தடியில் நின்று முதல் பிரசங்கம் செய்தது. கேட்டு நின்ற எருமைக்கும் ஆமைக்கும் மானுக்கும் முயலுக்கும் அந்த ஆற்றிலேயே ஞானஸ்நானம் கொடுத்தது. அப்புறம் காய்ச்சல் கண்டு செத்துப்போனது. மரத்துக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் முதல் கல்லறை அதனுடையதுதான்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மருதமரத்தடியில் வால் நீட்ட இடம் இருக்காது. வரவரக் கூட்டம் கரைந்தது. மான்களில் இளசுகள் அருவிப் பக்கம் போய்விட்டன. அங்கே ஒரு மயில் ட்ரம்ஸ் வைத்து, கைதட்டி, தோகை விரித்து ஆராதனை நடத்தியது. மருதமரத்தில் பாட்டு என்றால் நாரை விட்டுப்போன பழைய பாட்டுகள். நாலாவது சரணம் வருவதற்குள் பாடுகிறவர்களுக்கே பசித்துவிடும்.

குரங்குகள் படித்தவை. அவை பட்டணத்து மிருகக்காட்சி சாலைக்கு விசா வாங்கிப் போயின. கம்பிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பி, "கர்த்தர் அருமையாக நடத்துகிறார், மூன்று வேளையும் வாழைப்பழம்" என்று எழுதின. ஆடுகள் வெளியூர் எங்கும் போகவில்லை. அறுப்பின் பண்டிகை ஊர்வலத்தில் ஆயருக்கு யார் குடை பிடிப்பது என்று முட்டிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் தனிச்சபை வைத்துக்கொண்டன. அதுவும் பிறகு இரண்டாக உடைந்தது.

முயல்கள் போன இடம்தான் விசேஷம். ஆற்றுக்கு அந்தக் கரையில் பொன்னுத்துரை என்கிற மலைப்பாம்பு ஒரு சபை நடத்திவந்தது. அங்கே வாடகை இல்லாமல் பொந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முயல்கள் குடும்பம் குடும்பமாகப் போயின. போனவர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வரவில்லை. அதையே பெரிய சாட்சியாகக் காடெல்லாம் பேசினார்கள்.

மருதமரத்தில் மிஞ்சியது முப்பது உருப்படி. அதில் பாதிக்குக் காது கேட்காது, மீதிக்குக் கண் தெரியாது. ஆயர் மாசிலாமணி ஐயா எருமை, சாது. சபையார் வாயில் அவர் 'ஐயர்'. பெண்கள் சங்கத் தலைவி சொர்ணபாய் ஆமை. வேறு ஆள் இல்லாததால் இளைஞர் சங்கத்துக்கும் அந்த அம்மாள்தான் தலைவி. வயது நூற்றுப்பத்து. "எங்க இனத்தில் இது ஓடியாடுற வயசு" என்று சொல்லிக்கொள்ளும்.

சபைச் செயலர் அருமைநாயகம், உடும்பு. பள்ளிக்கூடப் பக்கம் போகாத ஆள். சந்தையில் தேன் விற்று அடிபட்டு மேலே வந்தது. விலை பேச உட்கார்ந்தால் பிடித்த பிடியை விடாது. எதிராளி எழுந்து ஓடினாலும் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். கோபம் மட்டும் மூக்கு நுனியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் ஆயர் ஒரு சுற்றறிக்கை வாசித்தார். பேராயர் யானையின் கால்தடம் அதில் முத்திரையாக இருந்தது. அதாவது: சபைகளில் எண்ணிக்கை குறைந்துவருவதால் தலைமை அலுவலகம் வருத்தம் அடைகிறது. வருத்தத்தின் பலனாக, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சபைகளில் தலை குறைந்த சபை, தலை கூடிய சபையோடு இணைக்கப்படும். எண்ணுவதற்குக் கொக்கு வரும்.

"நமக்குப் பக்கத்துச் சபை எது?" என்று கேட்டது ஆமை.

எல்லாரும் ஆற்றின் அந்தக் கரையைப் பார்த்தார்கள்.

ஆயர் தொண்டையைச் செருமினார். "இணைப்பு என்றால் ஐக்கியம்தானே. நாம் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது."

"ஐயா," என்றது உடும்பு, "நீங்க பெரிய உடம்பு. உங்களை முழுங்க அதுக்கு ஒரு வருஷம் யோசனை பண்ணணும். நாங்க அதுக்கு ஒரு வாரத்துப் பலகாரம். ஐக்கியத்தைப் பத்தி நீங்க தாராளமா பேசலாம்."

"ஜெபிப்போம்" என்றார் ஆயர்.

"நீங்க ஜெபியுங்க. நான் போய் ஆள் பிடிக்கிறேன்."

உடும்பு நேரே அருவிப் பக்கம் போனது. அங்கே எட்வின் என்கிற இளம் மான், காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. உடும்பு அதைப் பிடுங்கி எறிந்தது.

"எலே, உங்க தாத்தா கல்லறை எங்க இருக்கு?"

"மருதமரத்தில்தான் மாமா."

"உனக்கு ஞானஸ்நானம் எங்க?"

"அங்கதான்."

"நாளைக்கு ஒரு பொண்ணைப் பார்த்துக் கல்யாண ஓலை வாசிக்கணும்னா?"

"அதுக்கும் அங்கதான் வருவோம். மயில் பாஸ்டர் கையெழுத்து சர்க்கார் கச்சேரியில செல்லாதாமே. நாங்க பேரையே எடுக்கலை மாமா, பேர் உங்ககிட்டதான் இருக்கு."

"பேர் இருந்து என்னடா பிரயோஜனம்? தலை வேணும். வர்ற ஞாயிறு ஒரு நாள் வந்து நில்லு. எல்லாரையும் கூட்டிட்டு வா."

எட்வின் குளம்பைத் தரையில் தேய்த்தது. "ஞாயித்துக்கிழமை எனக்கு இங்க கீபோர்டு. உங்க பாட்டெல்லாம் ரொம்ப மெதுவா போவுது மாமா. போன தடவை ரெண்டாம் சரணத்தில் தூங்கி, ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போதுதான் முழிச்சேன்."

உடும்பு பேரத்தை மாற்றியது. "அசனம் வச்சா?"

மானின் காது நிமிர்ந்தது. "கூட்டாஞ்சோறா, பிரியாணியா?"

"உனக்குப் புல் பிரியாணி. உன் பாட்டிக்குக் கூட்டாஞ்சோறு. போதுமா?"

"வந்துடுறோம் மாமா. ட்ரம்ஸ் அடிக்கிற கூட்டத்தையும் கூட்டிட்டு வர்றோம்."

வேப்பமரத்து ஆடுகளிடமும் அதே பேச்சு. குடை பிடிக்கும் உரிமையை அந்த ஒரு நாளைக்கு விட்டுத் தருவதாக உடும்பு வாக்குக் கொடுத்த பிறகுதான் மூத்த கிடா தலையாட்டியது. ஊர் முழுக்க அறிவிப்பு போயிற்று: வரும் ஞாயிறு விசேஷித்த ஆராதனை. ஆராதனை முடிந்ததும் அசனம். யாவரும் வருக.

கொக்கு சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, விசுவாசப்பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது எண்ணுவதாகச் சொன்னது. அதுதான் விதி, உட்கார்ந்திருந்தால் தூங்குகிறவர்களின் தலை கணக்கில் வராது.

முதல் பாட்டு முடிந்தது. முப்பது பேர். பாவ அறிக்கை முடிந்தது. முப்பது. விசுவாசப்பிரமாணத்துக்கு எழுந்து நின்றார்கள். எழுந்திருக்க முடியாத ஒருவரைத் தாங்கிப் பிடித்ததையும் சேர்த்து முப்பது. பின்னால் விறகடுப்பில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பாதையில் ஒரு புழு பூச்சி நடமாட்டம் இல்லை.

ஆயர் பிரசங்கத்தை நீட்டினார். என்றைக்கும் நீளும் பிரசங்கம், அன்று இரண்டு மடங்கு நீண்டது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஆசீர்வாதம் சொல்லிக் கொம்பைத் தாழ்த்தினார். "ஆமென்" என்று முடித்த மூச்சு அடங்கவில்லை, நாலு பக்கமிருந்தும் தூசி கிளம்பியது. மான்கள், ஆடுகள், அருவிக் கூட்டம், அருவிக் கூட்டத்தின் விருந்தாளிகள், எல்லாரும் தேக்கிலையோடு வரிசையில் நின்றார்கள்.

என்ன செய்வது? பரம்பரை பரம்பரையாக அந்தச் சபைக்கு "ஆராதனை முடிந்ததும் அசனம்" என்றால் முடிந்ததும்தான். ஒருவரும் ஒரு நிமிஷம் முந்தவில்லை, ஒருவரும் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. ஆயர் பிரசங்கத்தை எவ்வளவு இழுப்பார் என்பதைக்கூடக் கணித்து வந்திருந்தார்கள்.

உடும்பு கொக்கைத் தூக்காத குறையாக இழுத்துப்போய் வரிசை முன்னால் நிறுத்தியது. "எண்ணும் சார். இதெல்லாம் தலை இல்லாம வேற என்ன?"

கொக்கு எட்வினைக் கேட்டது. "தம்பி எந்தச் சபை?"

"அருவிச் சபை சார்," என்றது அந்த உத்தமன், வாய் நிறையச் சோற்றோடு. "இங்க சாப்பாட்டுக்கு வந்திருக்கோம்."

உடும்பின் வால் தரையில் ஓர் அடி அடித்தது. அசனப் பந்தியே திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இலைக்குத் திரும்பியது.

"முப்பது," என்று முடித்தது கொக்கு. "பக்கத்துச் சபையில் நூற்று முப்பது. இணைப்புக்கு ஆவன செய்கிறேன்."

சொர்ணபாய் அம்மாள் தலையை ஓட்டுக்குள் பாதி இழுத்துக்கொண்டது. ஆயர் கண்ணை மூடினார். உடும்பு மட்டும் கொக்கின் காலைப் பிடித்தது. மன்னிப்புக் கேட்க இல்லை. போகவிடாமல் இருக்க.

"நூத்தி முப்பதை நீரு கண்ணால பார்த்தீரா?"

"போதகர் பொன்னுத்துரையைப் பார்த்தேன்."

"அது ஒண்ணு. மீதி?"

"மீதிப் பேர் உள்ளே இருப்பதாகச் சொன்னார். எல்லாரும் ஒருமனப்பட்டு, ஒரே சரீரமாக இருக்கிறார்களாம். சந்தேகம் இருந்தால் நீங்களும் உள்ளே வந்து பாருங்கள் என்று அன்பாகக் கூப்பிட்டார். எனக்கு வேறு வேலை இருந்தது."

"அப்ப உள்ள இருக்கிறவங்க கணக்குல சேருவாங்க."

கொக்கு யோசித்தது. "சேர்த்தாயிற்று."

"நல்லது. இப்படிக் கொஞ்சம் வாரும்."

உடும்பு கொக்கை மரத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு நடத்திப்போனது. "இவங்களும் உள்ளதான் இருக்காங்க. அங்க வயித்துக்குள்ள, இங்க மண்ணுக்குள்ள. எண்ணும்."

"இவர்கள் இறந்துவிட்டார்களே."

"அங்க எண்ணினீரே, அவங்க உயிரோட வந்து கையைத் தூக்கினாங்களா?"

கொக்கு காலை மாற்றி நின்றது.

"நல்லா கேளும்," என்றது உடும்பு. "அங்கத்தினர்னா யாரு? சபை எல்லைக்குள்ள குடியிருக்கணும். இருக்காங்க. வேற சபைக்குப் போகக் கூடாது. போகலை. ஆராதனை நடுவில எழுந்து வெளிய போனதில்லை. பாட்டு மெதுவா போவுதுன்னு சொன்னதில்லை. ஐயர் பிரசங்கத்தைப் பத்தி மேல மொட்டைக் கடுதாசி போட்டதில்லை. இப்படி அங்கத்தினர் உம்ம திருமண்டலத்திலேயே உண்டா?"

கொக்குக்கே அது உறைத்தது. "அரைத் தலையாகப் போடலாம்" என்றது மெல்ல.

"போடும். அப்படியே அங்க ஜீரணமானதையும் அரையாப் போடும். போய் நீரே அவருகிட்ட சொல்லும்."

கொக்கு ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. "முழுத் தலையாகவே போட்டுவிடலாம்."

"ஐயா அருமைநாயகம்," என்று ஆயர் காதோரம் கிசுகிசுத்தார், "பொய்ச்சாட்சி ஆகாதா?"

"எது பொய்? பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை நம்புறோம்னு கொஞ்சம் முன்னதான் எழுந்து நின்னு சொன்னீங்க. செத்த பரிசுத்தவான்களும் அந்த ஐக்கியத்துல சேர்த்திதானே?"

கொக்கு வெள்ளை நாரையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எண்ணியது. இருநூற்று எழுபது. உயிரோடிருந்த முப்பதும் சேர்த்து முந்நூறு.

காடே மூக்கில் விரல் வைத்தது. அத்தனை சபைகளும் தேய்ந்துகொண்டிருந்தபோது மருதமரச் சபை பத்து மடங்கு பெருத்துவிட்டது. தலைமை அலுவலகம் கேடயம் அனுப்பியது. மங்கிவரும் சபையை உயிர்ப்பிப்பது எப்படி என்று மற்றச் சபைகளுக்கு வகுப்பெடுக்க ஆயரைக் கூப்பிட்டார்கள். அவரும் போய், கல்லறைத் தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்கும்படி மட்டும் சொல்லிவிட்டு வந்தார். உடும்பு கேடயத்தை மருதமரத்தில் ஆணியடித்து மாட்டி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பேரம் பேசிய விதத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

அடுத்த ஞாயிறு. முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஆற்றில் சலசலப்புக் கேட்டது. தண்ணீரை விட்டு ஒரு தலை ஏறியது. தலைக்குப் பின்னால் உடம்பு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. பாட்டு தானாக நின்றது.

"ஸ்தோத்திரம்," என்றது மலைப்பாம்பு பொன்னுத்துரை. வாயில் கவ்வியிருந்த ஓலையை ஆயரின் காலடியில் மரியாதையாக வைத்தது. பேராயரின் கால்தடம் பதிந்த இணைப்பு உத்தரவு. "தலை குறைந்த சபை, தலை கூடிய சபையோடு சேரவேண்டுமாம். நான் மேலிடத்துக்குக் கீழ்ப்படிகிறவன். என்னுடைய நூற்று முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்."

யாரும் அசையவில்லை. உட்கார இடம் மட்டும் தாராளமாக இருந்தது. மலைப்பாம்பு காலியாகக் கிடந்த வரிசைகளில் ஒன்றுவிடாமல் தன்னைப் பரப்பிக்கொண்டது. வெகுகாலத்துக்குப் பிறகு மருதமரத்தடி நிறைந்து காணப்பட்டது.

"அம்மா," என்று அது சொர்ணபாயைப் பார்த்து இதமாகக் கேட்டது, "இளைஞர் சங்கம் எத்தனை மணிக்கு?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "கலைச்சாச்சு" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

உடும்பு அதற்குள் மரத்தில் பாதித் தூரம் ஏறியிருந்தது. அங்கிருந்தபடியே பேரத்தைத் தொடங்கியது. "அண்ணாச்சி, ஆராதனை நாளில் யாரையும் தொடக் கூடாது. அதை முதல்ல பேசி முடிச்சுக்கிடுவோம்."

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு உபவாசம் தம்பி," என்றது மலைப்பாம்பு. "திங்கட்கிழமைதான் பசிக்கும்."

உடும்புக்குப் பரம திருப்தி. கேட்டது கிடைத்துவிட்டது, ஒரு நாளைக் காப்பாற்றியாயிற்று.

மறுவருஷம் கொக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை ஆற்றைக் கடக்காமல், தூரத்து மணல்மேட்டில் நின்றபடியே கூவிக் கேட்டது. பொன்னுத்துரை பதில் சொன்னது. நானூற்று முப்பது, ஒரு தலைகூடக் குறையவில்லை, ஒருவர்கூடச் சபை எல்லையைத் தாண்டிப் போகவில்லை. கொக்கு அப்படியே எழுதிக்கொண்டு பறந்தது.

நீதி: தோற்றால், உன்னை விழுங்கப்போகிறவன் வீட்டுக்கு நீதான் ஆற்றைக் கடந்து போகவேண்டும். ஜெயித்தால் அவனே உன் வீடு தேடி வருவான். ஆகையால் எப்பாடுபட்டாவது ஜெயித்துவிடு, ஓடக்கூலியாவது மிச்சம்.