இன்விட்ரோ அண்ணன்

கண்ணாடியை நம்பிய அளவுக்கு மனிதர்களை நம்பாத ஆள் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் இன்விட்ரோ அண்ணன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தமிழ் நடத்துகிறேன்; அவர் தாவரவியல். அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கு மட்டும் நினைவிருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் வாயில் ஓயாமல் வரும் 'இன் விட்ரோ' என்ற லத்தீன் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிட்டேன். ஆய்வகத்துக்கே இழுத்துப் போனார். புட்டி புட்டியாக, விரல் நீள வாழைக்கன்றுகள்.

"விட்ரோன்னா கண்ணாடி மாப்ள. உசுருள்ளதுல ஒரு துணுக்க எடுத்து, இப்பிடி வெளிய புட்டியில வச்சு வளத்தாலும் சோதிச்சாலும் இன் விட்ரோ. அதையே உசுருள்ள உடம்புக்குள்ள பாத்தா இன் விவோ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேன்டீன் சாம்பார்கூட முதலில் அவருடைய பீக்கருக்குள் போகும். அது தெளிவதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்போம். ஒரு தீபாவளிக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பாய் கடையில் சட்டைத்துணி எடுக்கப் போனோம். அண்ணன் துணியிலிருந்து நாலு நூலை உருவி, டீ கிளாஸில் தண்ணீர் பிடித்து ஊறப்போட்டு, சாயம் போகிறதா என்று குனிந்து பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"சட்டை எடுக்க வந்தீங்களா, கசாயம் போட வந்தீங்களா?" என்றார் பாய்.

"இன் விட்ரோ பாய். ஒட்டுனா என் உடம்புலதான ஒட்டும்."

"நல்லா பாருங்க. பொங்கலுக்கும் சேத்தே எடுத்துட்டுப் போயிரலாம்."

கல்யாணமாகிப் பல வருஷம் அண்ணனுக்குக் குழந்தை இல்லை. கருவை வெளியே, கண்ணாடித் தட்டில் உருவாக்கி உள்ளே வைக்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் சந்தோஷத்தில் குதியாய்க் குதிப்பார் என்று நினைத்தோம். அவரோ கல்லூரிப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான் வாங்கிப்போன சேவுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"கண்ணாடிக்குள்ள எல்லாம் நல்லாத்தான் மாப்ள வரும். வெளிய எடுத்து மண்ணுல வைக்கிறப்பத்தான் வாடிப்போகும். எம்புட்டு கன்னு பாத்துருக்கேன்."

மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "அத மண்ணுல வைக்கிறீக. இது எங்கிட்டல்ல வருது. எனக்கே பயமில்ல. நாளைக்குப் போவோம், கெளம்புங்க."

அண்ணன் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் மதினியிடம் நீட்டினார்.

முதல் தடவை கரு தங்கவில்லை. மதினிதான் அழுது முடித்து, முகம் கழுவி, அவரை மறுபடி அழைத்துக்கொண்டு போனார். இந்த முறை தங்கியது. அந்த மாதங்களில் மதினியைப் பின்னால் உட்கார வைத்து அண்ணன் ஸ்கூட்டர் ஓட்டிய வேகத்துக்கு, ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வரை டவுன் பஸ்கள் ஹாரன் அடித்தபடி வரிசையில் வந்தன.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தாவில் அவளை ஏந்தியபடி நின்றார்.

"இந்தா மாப்ள, புடி. ஒம் மதினிக்கு வெந்நி வாங்கிட்டு வாரேன்."

"எனக்குப் பிள்ள தூக்கத் தெரியாதுண்ணே."

"எனக்கும் காலையில வரைக்கும் தெரியாது."

என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூச்சுகூட விடாமல் நின்றேன். அவள் ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள். அண்ணன் வெந்நீரைக் கொடுத்துவிட்டு வந்து கையை நீட்டினார். திருப்பிக் கொடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.