இருட்டு நகரத்துக்கு ஆள் தேவை

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். போனில் நீங்கள் "ம்" என்றாலே எனக்கு வந்த வார்த்தையும் உள்ளே போய்விடுகிறது. இங்கு எல்லோரும் நலம். அப்பா மட்டும் சில நாட்களாகப் பிணமாக இருக்கிறார். பயப்பட வேண்டாம், சொல்கிறேன்.

சிறுவர் இதழில் நான் வரைந்துவந்த மேகராஜ்ஜியப் படக்கதை முடிந்துவிட்டது. "நம்ம குடும்பத்துலயே முதல் டிகிரி வாங்கினவ, முயலுக்கு றெக்கை வரையறா" என்று சொன்ன நீங்களே, உங்களை மழைதேவதையாக வரைந்ததும் அதைத் தெரு முழுக்கக் காட்டினீர்கள். இப்போது ஆசிரியர் என்னைப் பெரியவர்களுக்கான இதழுக்கு மாற்றிவிட்டார். எதிர்கால நகரம், ஓயாத மழை, இயந்திர மனிதர்கள், கொலை. எல்லார் முகத்திலும் பாதி இருட்டு. வெளியாட்களை உற்றுப் பார்க்க எனக்குக் கூச்சம், அதனால் இதற்கும் வீட்டு ஆட்களைத்தான் உட்காரவைத்து வரைகிறேன். மேகராஜாவாக இருந்த அப்பாவைத் துப்பறிவாளராக்கினேன். அவருக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. "என்னம்மா, கொலை நடந்த வீட்டுல இவரு கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கறாரு?" என்றார் ஆசிரியர். "படுத்தா சிரிக்க மாட்டேன்" என்று அப்பாவே பிணமாகப் படுத்தார், நான் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மேசை விளக்கை அவர் முகத்தில் திருப்பினேன், அவர் அப்படியே தூங்கிப்போனார், கடைக்குப் போய்விட்டு வந்த அம்மா பார்த்து அலறினார், மாடி வீட்டுக்காரர் கட்டையோடு ஓடிவந்தார், அந்தச் சத்தத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்து "டீ ஆச்சா?" என்றது. அன்றிலிருந்து அம்மா யாரோடும் பேசுவதில்லை. துப்பறிவாளர் வேடம் அவருக்கு அப்படியே பொருந்திவிட்டது.

மிச்சம் கொலைகாரிதான். "பாத்ததும் முதுகு சில்லுன்னு ஆகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா கதை வேற ஆளுக்குப் போயிடும்" என்கிறார் ஆசிரியர். எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால், குடிப்பதற்கு முன் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பீர்களே அத்தை, அந்தப் பார்வை. அதற்கு அனுமதி கேட்டுத்தான் இந்தக் கடிதம். வேண்டாம் என்றால் கதையையே விட்டுவிடுகிறேன். மறுபடி முயலுக்கு றெக்கை வரைகிறேன்.

மாமாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி குறையட்டும். குறைந்ததும் உடனே கிளம்பி வர வேண்டாம்.

இப்படிக்கு,
பாசமும் பயமும் குறையாத அண்ணன் மகள்

பி.கு.: நினைவிலிருந்தே வரைந்து நேற்றே கொடுத்துவிட்டேன். ஆசிரியர் படத்தைப் பார்த்தார், எழுந்து போய்த் தன் டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்தார். கதை எனக்குத்தான். ஆனால் கடைசியில் கொலைகாரி மாட்டிக்கொள்கிறாள். நீங்கள் தோற்று நின்ற முகத்தை நம் வீட்டில் யாருமே பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால், ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீர்களா அத்தை?