இதைவிட நல்ல போர்டு

போனஸ் வந்த அன்றே நம்மாள் சபதம் எடுத்தார். கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு போட்டே தீருவது. பெயிண்ட் கம்பெனியில் கணக்கு எழுதிக் கண் பூத்துப்போன மனுஷன். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் எடுத்த சபதமெல்லாம் எடுத்த இடத்திலேயே கிடக்கிறது. இதாவது நடக்கட்டுமே என்று ஓர் ஆசை.

"இருக்கிற போர்டுக்கு என்னங்க கேடு?" என்றாள் மனைவி.

"ஓவர்கிளாக் பண்ண முடியாது."

"அப்படின்னா?"

"ப்ராசஸரை அதுக்கு விதிச்ச வேகத்துக்கு மேல விரட்டுறது. அந்தச் சூட்டைச் சாதா போர்டு தாங்காது."

"விரட்டி?"

"விரட்டி... வேகமா இருக்கும்."

அந்தக் கம்ப்யூட்டர் வீட்டில் பார்த்த ஒரே உத்தியோகம் சீட்டாட்டம். அதிலும் அவர்தான் தோற்றுக்கொண்டிருந்தார்.

"வாஷிங் மெஷின் செத்துக் கிடக்கு. துவைச்சுத் துவைச்சு என் தோள்பட்டை கழண்டுடும் போல இருக்கு. போனஸ் வந்தா முதல்ல அதுதான்னு சொன்னீங்களே?"

"மெஷின் எங்கே ஓடிடப் போகுது?"

"ஓடலைன்னுதானே சொல்றேன்!"

பெரிய சண்டைக்கு அவர் தயாராகிவிட்டார். ஆனால் மறுநாள் காலை காபியோடு அதிசயமும் வந்தது. "உங்க ஆசையை நான் ஏன் கெடுக்கணும்? வாங்கிக்கோங்க. வாங்குறதை நல்லதா பார்த்து வாங்குங்க, அவ்வளவுதான்."

நம்மாள் உருகிவிட்டார். இப்படி ஒரு மனைவியா!

அன்று சாயங்காலமே ஒரு போர்டைத் தேர்ந்தெடுத்து, படத்தைக் காட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. சூடு தணிக்கிற பட்டை இதுதானே? இத்துனூண்டு இருக்கே, தாங்குமா?"

அவருக்குப் பகீரென்றது. வீடியோ வீடியோவாக உட்கார்ந்து பார்த்தார். ஒருத்தன் இதுதான் போர்டு என்றான். இன்னொருத்தன் இதில் தோசை சுடலாம் என்றான். அதைத் தள்ளிவிட்டு வேறொன்றைப் பிடித்தார்.

"இது நம்ம கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள நுழையுமாங்க?"

டேப்பை எடுத்து அளந்தார். நுழையாது. மூன்றாவதைக் காட்டினார்.

"அடுத்த மாசம் புது மாடல் வருதாமே?"

இப்படியே வாரங்கள் ஓடின. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. போதாக்குறைக்குத் துவைத்த போர்வையை முறுக்கிப் பிழிய ஒரு முனையை அவர்தான் பிடிக்க வேண்டும். பிழிந்தபடியே அவளுக்கு வோல்டேஜ் பற்றி விளக்குவார். "ஓஹோ, அப்படியா? இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்பாள் அவள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் பால்கனியில் துணி காயப்போட்டபடி போனில் பேசுவது அவர் காதில் விழுந்தது. கிளினிக் வரவேற்பில் அவளோடு உட்காரும் அக்காவிடம்தான்.

"உங்க வீட்டுக்காரர் எது வாங்கணும்னாலும் வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. வீம்புக்கு வாங்கிடுவாரு. நம்ம கிளினிக்ல என்ன பண்றோம்? டாக்டர் வர நேரமாகும்னு சொன்னா சண்டைக்கு வர்றாங்க. 'பழைய ரிப்போர்ட் கொண்டு வந்தீங்களா?'ன்னு கேட்டா, பேசாம வீட்டுக்குப் போய்த் தேடுறாங்க. அதே வைத்தியம்தான். இவர் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காரு, பாவம்."

நம்மாளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நான் என்ன இவள் கிளினிக் பேஷண்ட்டா? சட்டையை மாட்டினார்.

"இப்பவே போய் வாங்கிட்டு வரேன். ஒரு கேள்வி கேக்கக் கூடாது!"

"கேக்கலையே. போயிட்டு வாங்க."

வாசலில் நின்று பார்த்தார். நிஜமாகவே அவள் எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

கடையில் போர்டை எடுத்து வைத்தார்கள். அழகான பெட்டி. சூட்டுப் பட்டை பெரிசு, அளவு சரி, மாடல் புதுசு. குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். கை உள்ளேயே நின்றது. வாய் மட்டும் தன்னாலே திறந்தது.

"இதைவிட நல்லது இருக்கா?"

"இருக்கு சார். அடுத்த வாரம் வருது."

வெறுங்கையோடு திரும்பினார். யாரும் தடுக்கவில்லையே, நானே கேட்டுத் தொலைத்தேனே என்று வழியெல்லாம் மனசு நொந்துகொண்டது.

மாடிப்படியில் வழி அடைத்துக் கிடந்தது. இரண்டு ஆட்கள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் திருப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். "சார், கீழே ஒரு கை குடுங்க சார்!"

கொடுத்தார். சரியான கனம். மூச்சு வாங்க மூன்றாவது மாடிக்கு ஏற்றியபோது, திறந்திருந்தது அவர் வீட்டுக் கதவு. பெட்டியின் மேல் வாஷிங் மெஷின் படம். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் போனஸா?"

"நம்ம போனஸ். பேங்க் கணக்கு ரெண்டு பேர் பேர்லதானே இருக்கு."

"எப்படி வாங்கினே? எப்போ?"

"நேத்து உங்க கம்ப்யூட்டர்லதாங்க ஆர்டர் போட்டேன்," என்றாள் அவள், தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி. "அதுக்கு என்னங்க குறை, நல்ல வேகமாத்தானே இருக்கு!"