மாப்பிள்ளை சீட்டு

காரின் பின் சீட்டில் சாய்ந்தபடி தளவாய் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தான். கழுத்தில் ரோஜா மாலை, இருபக்கமும் கியாஸ் லைட், முன்னால் நாதஸ்வரம். ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவன் லேசாகத் தலையசைத்தான்.

"அண்ணாச்சி, அனங்காதிய, ஆடாம இரிங்க! எண்ணெ என் கண்ணுல விழுது!" என்று காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் வேலப்பன் கத்தினான்.

ஊர்வலம் கலைந்தது. கிள்ளிப்பாலத்து ஒர்க்‌ஷாப்பில் கார் செங்கல் அடுக்கின்மேல் நின்றுகொண்டிருந்தது.

தளவாய்க்குச் சாலைக் கடைத்தெருவில் வற்றல் கடை. ஆனால் அவனுக்கு ஊரில் பேர் வாங்கித் தந்தது, தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது தள்ளிவிட்டுப் போன இந்தத் திறந்த கார்தான். எந்தக் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கு இதுதான் போகும், தளவாய்தான் ஓட்டுவான். நாதஸ்வரத்தின் நடைக்கு ஊர்ந்து ஊர்ந்தே கிளட்ச் பப்படமாகத் தேய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு எண்ணெய் ஒழுக்கு.

ஆரியசாலை வளைவு வந்தால் கார் பெரும்பாலும் நின்றுவிடும். சன்னல் பாதி சாத்திய ஒரு வீட்டின் முன்னால் தளவாய் வேட்டியை மடித்துக் கட்டி, காருக்கு அடியில் புகுந்து, எதையாவது தட்டிவிட்டு முகமெல்லாம் கரியோடு வெளியே வருவான். மாப்பிள்ளை மாலை கசங்காமல் பின்னால் உட்கார்ந்திருப்பான். ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை சுமந்த தளவாய், தலை நரைக்கத் தொடங்கியும், அந்த சீட்டில் ஊர்வலம் போனதில்லை.

இப்போது யோகம் வந்திருந்தது. பெண் உலகம்மாள், அதே வளைவில் அதே வீடு. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு.

ஆனால் மனசில் ஒரு முள். பெண் பார்க்கப் போன அன்று உலகம்மாள் அத்தையின் காதில் ஏதோ சொல்ல, அத்தை கேட்டாள்: "வண்டிய இனியும் நீங்கதான் ஓட்டுவியளா?"

"நானா? நல்லாருக்கே! கல்யாணம் முடிஞ்சா டிரைவர் போட்டுருவோம்லா!"

பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து உள்ளே போய்விட்டாள். சம்மதம் என்று பிறகு சொல்லியனுப்பினார்கள். இருந்தாலும் அந்த முகம் தளவாயைத் தூங்கவிடவில்லை. டிரைவர் போட இவனுக்கு வக்கிருக்கா என்று நினைத்துவிட்டாள்! வேலப்பனை ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் ராஜாவாகப் போய் இறங்கினால்தான் மானம் மிஞ்சும் என்று முடிவு கட்டினான்.

வேலப்பன் முதலில் ஒழுக்கைப் பார்த்தான். எண்ணெய் சொட்டுகிற ஓட்டையில் சோப்பில் புரட்டிய கயிற்றைத் திணித்தான். ஒரு சொட்டு இல்லை! வெளியே வர வழியில்லாத எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் ஏறிக்கொண்டது. மறுநாள் எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை.

"பயப்படாதிய அண்ணாச்சி. வழுக்குதுன்னா உணத்தினாப் போதும்" என்று கயிற்றைப் பிடுங்கிவிட்டு, மரச்சீனிக் கிழங்கு மாவை உள்ளே தாராளமாகத் தூவினான். கார் ஓடியது. சூடேறியதும் தெருவெல்லாம் அடை மணந்தது.

சாயாக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் தேங்கா சேத்திருக்கலாம்டே!"

வெள்ளிக்கிழமை காலையில் வேலப்பன் முன் சீட்டுகளைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்கி, பழைய லாரி லைனிங்கை அறுத்துப் பிளேட்டில் அடித்து ஏற்றினான். "இனி வழுக்காது!" வழுக்கவில்லை. உடும்பாகப் பிடித்தது. டிரைவர் சீட்டைப் பூட்டியபோதே சாயங்காலமாகி மேளச் சத்தம் கேட்டுவிட்டது. பக்கத்து சீட் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது.

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது தளவாய்க்குக் கண் கலங்கியது. அந்தி வெளிச்சம், மல்லிகை வாசனை, மெல்ல எழும்பும் நாதஸ்வரம். எத்தனையோ முறை கனவில் போன தெரு, கனவு மாதிரியே எதிரே விரிந்து கிடந்தது.

வேலப்பன் கிளட்சிலிருந்து காலை எடுத்தான். கார் கிடாவாகத் துள்ளியது. நாதஸ்வரக்காரர் வன்னியராஜ் வாசித்தபடியே ஓரத்துக்குத் தாவினார். அடுத்த துள்ளலில் மாலை தளவாயின் கண்ணை மறைத்தது.

"நான் கல்யாணத்துக்கு வந்தனா, எமனுக்கு வாசிக்க வந்தனா?" என்று வன்னியராஜ் கொதித்தார். "அண்ணாச்சி ஓட்டினா வாறேன். இல்லேன்னா வீட்டைப் பாத்துப் போறேன்!"

கிளட்சைப் பாதியில் பிடித்து அந்தக் காரை ஊர வைக்கத் தெரிந்தவன் ஊரிலேயே ஒருத்தன்தான். அவன் பெருமூச்சோடு கீழே இறங்கினான். ஸ்டியரிங்கில் மாட்டுகிறதென்று மாலையைக் கழற்றி வேலப்பனிடம் கொடுத்தான். முன்னால் இடமில்லாத வேலப்பன் பின்னால் ஏறினான். மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

கார் பூப்போல ஊர்ந்தது.

"மாப்பிள்ளைக்கு மீசை கொள்ளாம்!" என்று மெச்சியது கூட்டத்தில் ஒரு பெண்குரல்.

வேலப்பன் லேசாகத் தலையசைத்தான். தளவாய் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். யார் யாருக்கோ கிடைத்த சீட், தன் கல்யாணத்திலும் தனக்கு இல்லையே! வேலப்பன் உட்கார்ந்திருந்த சீட்டின் எண்ணெய்க் கறை வேட்டியில், ஸ்டியரிங்கில் அவன் கை விட்டுப்போன கரி வியர்வை துடைத்த கன்னத்தில். உலகம்மாள் முகத்தில் எப்படி விழிப்பான்?

ஆரியசாலை வளைவில் கார் பழைய இடத்திலேயே நின்றது.

அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தாள். "அய்யோ, மாப்பிள்ளை ஞானில்ல" என்று வேலப்பன் மாலையைக் கழற்றத் தவித்தான். அத்தை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே முன் கதவுக்கு வந்து, தளவாய்க்கு ஆரத்தி சுற்றினாள்.

"தப்பா நினைக்காதிய அத்தை" என்று தளவாய் தடுமாறினான். "டிரைவர் போட்டுத்தான் கிளம்பினேன். இனி சத்தியமா வண்டிய நான் தொடமாட்டேன்..."

"அப்பிடிச் சொல்லாதிய மாப்பிள்ள!" என்று அத்தை பதறிப்போய் அவன் நெற்றியில் திலகம் வைத்தாள். "இந்த வளைவுல எத்தனையோ மாப்பிள்ளைமாரு போயாச்சு, ஒருத்தன் மூஞ்சியும் எங்க பிள்ளைக்கு நெனவில்ல, காருக்கு அடியிலேருந்து கரியோட வாற மூஞ்சிய மட்டுந்தான் சன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தா, நீங்க டிரைவர் போடுவேன்னு சொன்னதுக்கு அன்னைக்குப் பூரா ஒரே அழுகை!"