புங்க இலைச் சட்டை

2023 ஏப்ரல் 9, ஞாயிறு. காலை 5.30க்கு எழுந்தேன். பால் பாக்கெட் எடுத்து வைத்தேன். ஸ்கூட்டர் கவர்மேல் காற்றில் வந்து விழுந்திருந்த புங்கம்பூக்களை உதறி, கவரை எட்டாக மடித்தேன். பத்து மணிக்கு எங்கள் அம்பத்தூர்த் தெருவின் குடியிருப்போர் சங்கக் கூட்டம். நான்தான் செயலாளர். தெருமுனைப் புங்கமரத்தை வெட்டச் சொல்லும் மனுவை நானே கோடு போட்டு எழுதினேன். காரணம், வண்டிகள்மேல் பூ கொட்டுகிறது. பதினான்கு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். மறுத்தவர் ஒருவர், மரத்தடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும், தெருவே கோந்து என்று கூப்பிடும் ஆள்.

எடுத்த படத்தை எடுத்தபடியே கொடுக்கத் தெரியாத போட்டோக்காரர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் கோந்து ஒருவர்தான். குடும்பப் படம் என்றால் முதலில் எல்லாரையும் புங்கமரத்தடியில் நிறுத்துவார். அச்சுப் போட்ட பிறகு பிளேடை எடுத்து, சட்டையை, புடவையை, தலைமுடியைக் கச்சிதமாக வெட்டி நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அதே மரத்தின் காயவைத்த இலையையும் பட்டையையும் ஒட்டி, வார்னிஷ் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால், மனிதன் மட்டும் இருப்பது பாதிப் படம்தான் என்பார். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டுச் சுவரிலும் அவர் செய்த படம்தான் தொங்கும்.

என் படத்தில் எனக்கு அவர் மரத்தடிப் புல்லில் தலைமுடி வைத்தார். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு முடி இருந்ததில்லை. பாஸ்போர்ட் படத்தில் ஒரு பெண்ணின் தோளோரம் துளசி இலை ஒட்டிக் கொடுத்ததில், விண்ணப்பம் திரும்பி வந்தது. அவள் சண்டைக்குப் போனாள். துளசியைத் திருப்பி அனுப்பியவனைப் போய்க் கேள் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் ஒரு கையில் பிளேடும் மறு கையில் எவர்சில்வர் தட்டுமாகத் தெருவில் இறங்கினார். முதல் வீடு டிப்போ முனுசாமியுடையது. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணாத்தே, மரம் வோணாம்னு கையெழுத்துப் போட்டுகீற. அப்போ மரத்தோடது உன் ஊட்ல இன்னாத்துக்கு? குட்த்துடு."

முனுசாமி வேடிக்கை என்று நினைத்து, சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கொடுத்தார். கோந்து நிதானமாக அவருடைய சட்டையைச் சுரண்டித் தட்டில் போட்டார். படத்தில் மனைவி இலைப் புடவையில் மகாராணி மாதிரி நிற்க, முனுசாமி தலைக்குக் கீழே வெறும் ஓட்டை. கோந்து அடுத்துப் புடவைமேல் பிளேடை வைத்ததும் அந்த அம்மாள் எழுந்தாள்.

"யோவ், போய் கையெழுத்த அடிச்சுட்டு வா. எம் பொடவைல கை வெச்சா உனுக்கு ராத்திரி சோறு கெடையாது."

முனுசாமி செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்து பேனா கேட்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறு மணிக்குள் பன்னிரண்டு பெயர்களை அடித்தாயிற்று. அளவுகோல் வைத்துத்தான் அடித்தேன். பதின்மூன்றாமவர் வீட்டில் படமே கிடையாது. அவர் மாறவில்லை. பதினான்காவது என் கையெழுத்து.

கோந்து வந்தார். நான் விதிகளை எடுத்துச் சொன்னேன்: ஒரு கையெழுத்து மிஞ்சினாலும் மனு மனுதான், செயலாளர் மிரட்டலுக்குப் பணியக் கூடாது. அவர் சுவரிலிருந்த என் படத்தைக் கழற்றி, புல் முடியைச் சுரண்டி எடுத்தார். நான் அசையவில்லை. முடி இல்லாமல் வாழ எனக்குப் பழக்கம் உண்டு.

பிறகு பக்கத்துப் படத்தைக் கழற்றினார். மறைந்த என் அப்பாவின் படம். ஆவடித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர், வீட்டுக்குள் நுழையும் முன் அந்த மரத்தடியில் கால் மணி நேரம் உட்காருவார். அந்த மரத்தின் இலையிலேயே அவருக்கு அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் சொருகிய பேனாவுக்கு ஒரு காம்பு. பிளேடு சட்டைக் காலரின் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"சார், இத்த நீங்களே எடுத்துக்கோங்க," என்று பிளேடை என்னிடம் நீட்டினார். "உங்க அப்பாரு சட்டைய என்னால கய்ட்ட முடியாது."

பிளேடை வாங்கவில்லை. மனுவை நான்காகக் கிழித்து அவர் தட்டில் வைத்தேன். அவர் படத்தை ஆணியில் மாட்டி, கோணலைச் சரிசெய்து, தட்டிலிருந்த புல்லை ஒரு இழை விடாமல் என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 10, திங்கள். காலை 5.30க்கு எழுந்து, முதல் வேலையாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்ப் புங்கமரத்துக்கு நேர் கீழே நிறுத்தினேன். கவர் போடவில்லை.